ஒரே மாநிலம், இரண்டு விடை! அமெரிக்க ஹைஸ்கூல் கணக்கு தெரியுமா?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நூறு பிள்ளைகள் ஹைஸ்கூலில் சேர்ந்தால் எத்தனை பேர் படித்து முடித்து வெளியே வருவார்கள்? 87 பேர் என்றது மாநிலக் கல்வித் துறையின் ஒரு குழு. அந்த எண்தான் வாஷிங்டனுக்குப் போனது. அதே துறையில் இன்னோர் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட இன்னொரு குழுவின் விடை 63! ஒரே மாநிலம், ஒரே பள்ளிகள், ஒரே பிள்ளைகள். நடுவில் 24 பேரைக் காணோம்! 2008 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இது. அதைவிட வியப்பு என்னவென்றால், வாஷிங்டனுக்கு 87 என்று எழுதி அனுப்ப அன்றைய சட்டமே இடம் கொடுத்திருந்தது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அங்கே ஹைஸ்கூல் என்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, நான்கு ஆண்டு. நாடு முழுவதற்கும் ஒரே பொதுத்தேர்வு என்று எதுவும் கிடையாது. பாடத்துக்குப் பாடம் ‘கிரெடிட்’ உண்டு. மாநிலமும் பள்ளி மாவட்டமும் விதித்த கிரெடிட்டுகளைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் டிப்ளமா கைக்கு வரும். நம்மூர் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். 2024இல் தமிழ்நாட்டில் 94.56 சதவீதம் தேர்ச்சி என்றால், தேர்வு எழுதியவர்களில் அத்தனை பேர் என்று பொருள். பத்தோடு நின்றவரும் பதினொன்றில் விலகியவரும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அமெரிக்காவில் கேட்கப்படும் கேள்வி வேறு: ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்தவர்களில் எத்தனை பேர் டிப்ளமாவோடு வெளியே வந்தார்கள்? பின்னத்தின் மேலே எழுத வேண்டிய எண் சுலபம். மேடையேறி டிப்ளமா வாங்கியவர்களை எண்ணினால் போதும். கீழே எழுத வேண்டிய எண்தான் பாடாய்ப் படுத்துகிறது. யாரைக் கீழே வைப்பது, யாரைக் கீழேயிருந்து எடுப்பது? எடுக்கப்படும் ஒவ்வொரு எண்ணும் பெயரும் முகமும் உள்ள ஒரு பிள்ளை. அதனால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு முக்கியம்!

அமெரிக்க அரசு 1867இல் முதன்முதலாக ஒரு கல்வித் துறையை எதற்குத் தொடங்கியது தெரியுமா? பள்ளி நடத்த அல்ல, பாடத்திட்டம் வகுக்கவும் அல்ல. புள்ளிவிவரம் திரட்ட! ஹென்றி பர்னார்ட் என்பவர் அதன் முதல் ஆணையர். 1869–70 கல்வியாண்டுக்கு இன்று நமக்குக் கிடைக்கும் கணக்கைப் பாருங்கள்: அந்த மாபெரும் நாட்டில் ஹைஸ்கூல் முடித்தவர்கள் சுமார் 16,000 பேர். பதினேழு வயதினரில் நூற்றுக்கு இரண்டே பேர்! 1899–1900இல் இது 6.4 ஆனது. 1939–40இல்? 50.8! நாற்பதே ஆண்டில் எட்டு மடங்கு!

இந்தப் பாய்ச்சலுக்கு ‘ஹைஸ்கூல் இயக்கம்’ என்று பெயர். பொருளாதார அறிஞர்கள் கிளாடியா கோல்டினும் லாரன்ஸ் காட்ஸும் இதை அணு அணுவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கோல்டின் 2023இல் நோபல் பரிசு பெற்றவர். இந்த இயக்கத்தில் முந்தி நின்றவை பெருநகரங்கள் என்றுதானே நினைப்போம்? கிடையாது! அயோவா, நெப்ராஸ்கா போன்ற சோளக்காட்டு மாநிலங்களின் சிற்றூர்கள்தான் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டு ஹைஸ்கூல் கட்டின. அந்தக் காலத்துக் கணக்கில் கீழே வைத்த எண்ணும் நேர்மையானது. பள்ளிக்கு வந்தவர், வராதவர் என்ற பேதமே இல்லாமல் பதினேழு வயதுள்ள அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

சிக்கல் போர்க்காலத்தில் ஆரம்பித்தது. படிப்பை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்கள் திரும்பி வந்து மறுபடி பதினாறு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார முடியுமா? அவர்களுக்காக 1942இல் உருவானதுதான் ஜி.இ.டி. தேர்வு. தேறினால் ஹைஸ்கூல் முடித்ததற்குச் சமம் என்று ஒரு சான்றிதழ். எவ்வளவு நல்ல எண்ணம்! ஆனால் பிறகு அது போர்வீரர்களைத் தாண்டி, படிப்பை விட்ட எல்லாருக்குமான மாற்று வழியாக வளர்ந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் டிப்ளமா வாங்கியவரும் ஜி.இ.டி. வாங்கியவரும் ஒரே வரிசையில் ‘ஹைஸ்கூல் முடித்தவர்’ ஆனார்கள்.

ஜேம்ஸ் ஹெக்மன் என்ற நோபல் அறிஞர் இதைப் பிரித்துப் பார்த்தார். ஜி.இ.டி. வைத்திருப்பவர்கள் வேலைச் சந்தையில் எப்படி இருக்கிறார்கள்? டிப்ளமா வாங்கியவர்களைப் போல அல்ல, பெரும்பாலும் பாதியில் படிப்பை விட்டவர்களைப் போலவே! 2010இல் அவரும் பால் லஃபோன்டெய்னும் வெளியிட்ட ஆய்வில் ஜி.இ.டி.யைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டார்கள். ஏறிக்கொண்டே இருக்கிறது என்று நாடு நம்பிய விகிதம் 1970களின் தொடக்கத்திலேயே உச்சம் தொட்டுவிட்டது என்று தெரிந்தது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிவருகிறது என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அது பெரிதாகச் சுருங்கவே இல்லை. பல இளைஞர்கள் ஜி.இ.டி. வாங்கிய இடம் சிறைச்சாலை!

சிறை என்றதும் இன்னொன்று. பல்லாண்டுகளாக அமெரிக்கா நம்பியிருந்த எண் பள்ளியிலிருந்து வரவில்லை, வீடுகளிலிருந்து வந்தது தெரியுமா? மாதாமாதம் சுமார் 60,000 வீடுகளில் கேள்வி கேட்கும் அரசு ஆய்வு ஒன்று உண்டு. வேலையின்மை விகிதம்கூட அதிலிருந்துதான் வருகிறது. வீட்டில் யாராவது ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லலாம். “உங்கள் மகன் ஹைஸ்கூல் முடித்துவிட்டாரா?” “முடித்துவிட்டான்.” குறித்துக்கொள்வார்கள், சான்றிதழ் கேட்கமாட்டார்கள். சரி, மகன் சிறையில் இருந்தால்? அவர் இந்த ஆய்விலேயே இல்லை! வீட்டில் குடியிருப்பவர்களை மட்டும்தான் அது கேட்கிறது. அமெரிக்கச் சிறைகளில் இருப்பவர்களில் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்கள் மிக அதிகம். அவர்களைக் கணக்கில் சேர்க்காததால் கறுப்பின இளைஞர்களின் இடைநிற்றல் எவ்வளவு குறைத்துக் காட்டப்பட்டது என்பதைச் சமூகவியலாளர் பெக்கி பெட்டிட் 2012இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். சுவருக்குள் இருப்பவரை எண்ணாமல் விட்டுவிட்டு நிலைமை முன்னேறிவிட்டது என்று மகிழ்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

அப்படியானால் பள்ளிப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடலாமே? இந்த ஆண்டு டிப்ளமா வாங்கியவர்களை நான்கு ஆண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களால் வகுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். இங்கேதான் ஓர் அதிசயமான வீக்கம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் எட்டாம் வகுப்பில் இருப்பதைவிட ஒன்பதாம் வகுப்பில் எப்போதும் கூட்டம் அதிகம்! எங்கிருந்து வந்தார்கள்? எங்கிருந்தும் வரவில்லை. போன ஆண்டு ஒன்பதில் தேறாதவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். பண்டிகைக் காலத்து டோல்கேட் போல எல்லாரும் வந்து தேங்கும் இடம் ஒன்பதாம் வகுப்பு. அந்த எண்ணால் வகுத்தால் ஒரே பிள்ளை இரண்டு முறை எண்ணப்பட்டு விகிதம் சரிந்துவிடும்.

இதற்கு மத்தியக் கல்விப் புள்ளியியல் மையம் ஒரு வழி கண்டது. ஒரே பேட்ச்சின் எட்டாம் வகுப்பு எண்ணிக்கை, அடுத்த ஆண்டின் ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கை, அதற்கடுத்த ஆண்டின் பத்தாம் வகுப்பு எண்ணிக்கை மூன்றையும் கூட்டிச் சராசரி எடு. அந்தச் சராசரியால் வகு! கிறிஸ்டோபர் ஸ்வான்சன் என்ற ஆய்வாளர் இன்னொரு வழி போனார். ஒன்பதிலிருந்து பத்து, பத்திலிருந்து பதினொன்று, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து டிப்ளமா. நான்கு படிகளின் விகிதத்தையும் ஒன்றோடொன்று பெருக்கினார். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பள்ளிதானே? நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். 66கூட வரவில்லை! ஆண்டுக்குப் பத்துப் பேர் நழுவுவது யார் கண்ணிலும் படாது. நான்கு ஆண்டு சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் போயே போய்விட்டார்கள்!

இந்த முறையில் 2001ஆம் ஆண்டு பேட்ச்சுக்கு ஸ்வான்சனுக்குக் கிடைத்த விடை 68 சதவீதம். அதே காலகட்டத்துக்கு லாரன்ஸ் மிஷெல், ஜாய்தீப் ராய் இருவரும் வேறு தரவுகளை வைத்துச் சொன்ன விடை சுமார் 82. வீட்டு ஆய்வோ 86க்கு மேல் காட்டியது. மூன்று பேரும் கெட்டிக்காரர்கள், மூன்று பேரும் நேர்மையானவர்கள். உலகத்தின் பணக்கார நாட்டில், தன் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளியை முடித்தார்கள் என்று சொல்ல ஆளில்லை!

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பால்ஃபன்ஸ் ஒரு மிக எளிய அளவுகோலைக் கையிலெடுத்தார். இந்த ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர்? மூன்று ஆண்டுக்கு முன் அதே பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர்? முதல் எண் இரண்டாவதில் 60 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் அந்தப் பள்ளி ‘இடைநிற்றல் தொழிற்சாலை’. கேட்கவே நெஞ்சு பதறும் பெயர்! அப்படிச் சுமார் 2,000 பள்ளிகள் தேறின. நாட்டின் மொத்த இடைநிற்றலில் ஏறக்குறைய பாதி அந்த 2,000 பள்ளிகளிலிருந்தே வந்தது.

இப்போது மிசிசிப்பியின் புதிருக்கு விடை. 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் ஒவ்வொரு மாநிலமும் இந்த விகிதத்தை அனுப்ப வேண்டும் என்றது. எப்படிக் கணக்கிடுவது என்பதை ஏறக்குறைய மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டது! விளைவைக் கேளுங்கள். நார்த் கரோலினா 97 சதவீதம் என்று அனுப்பியது. எப்படி? டிப்ளமா வாங்கியவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டுக்குள் வாங்கினார்கள் என்று மட்டும் பார்த்தது. பள்ளியை விட்டுப் போனவர்கள் கணக்கில் எந்த இடத்திலும் இல்லை! நியூ மெக்ஸிகோ பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் பார்த்தது. அதற்கு முன்பே மூன்று ஆண்டுகளில் நழுவியவர்கள்? அவர்களும் இல்லை. ஆண்டுக்கு 0.1 சதவீதப் புள்ளி கூடினாலே முன்னேற்றம் என்று இலக்கு வைத்த மாநிலங்களும் இருந்தன. அந்த வேகத்தில் பத்துப் புள்ளி ஏற நூறாண்டு ஆகும்! நார்த் கரோலினா பிறகு தானே முன்வந்து பிள்ளை பிள்ளையாக எண்ணியது. 2007இல் வெளியான எண் சுமார் 68. தன் பெருமையைத் தானே 29 புள்ளி இறக்கிக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஹூஸ்டன் கதை தெரியுமா? 1994 முதல் 2001 வரை அந்த நகரப் பள்ளிகளை நடத்திய ராட் பெய்ஜ் பிறகு புஷ் அரசின் கல்வி அமைச்சரே ஆனார். ‘டெக்சாஸ் அற்புதம்’ என்று நாடே கொண்டாடியது. ஹூஸ்டனின் ஆண்டு இடைநிற்றல் 1.5 சதவீதம்தான் என்றது அறிக்கை. ஷார்ப்ஸ்டவுன் ஹைஸ்கூலில் 2001–02இல் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள்? பூஜ்யம்! சுமார் ஆயிரம் பேராகத் தொடங்கும் ஒன்பதாம் வகுப்பு, பன்னிரண்டை எட்டும்போது முந்நூறுக்கும் குறைவாகச் சுருங்கும் பள்ளி அது. அங்கிருந்த துணைத் தலைமையாசிரியர் ஒருவருக்கு இந்தப் பூஜ்யம் பொறுக்கவில்லை. வெளியே சொன்னார். மாநிலத் தணிக்கையாளர்கள் 16 பள்ளிகளின் கோப்புகளைப் பிரித்தார்கள். வெளியேறிய சுமார் 5,500 பேரில் ஏறக்குறைய 3,000 பேரை இடைநின்றவர்கள் என்று குறித்திருக்க வேண்டும், குறிக்கவில்லை!

எப்படி மறைந்தார்கள்? இரண்டே இலக்கத்தில்! டெக்சாஸில் பள்ளியை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறியீட்டு எண் போட வேண்டும். இன்றைய பட்டியலில் 03 என்றால் இறந்துவிட்டார். 16 என்றால் சொந்த நாட்டுக்குத் திரும்பினார். 60 என்றால் வீட்டிலிருந்தே படிக்கிறார். 81 தனியார் பள்ளி, 82 வெளிமாநிலப் பள்ளி. எதிலும் சேராதவருக்கு, போன இடம் தெரியாதவருக்கு 98. இதில் 98 மட்டும் பள்ளியின் பெயரைக் கெடுக்கும். மற்றவை கெடுக்காது. கோடை விடுமுறை முடிந்து பிள்ளை வரவில்லை. வீட்டுத் தொலைபேசி எடுப்பாரில்லை. பள்ளி அலுவலகத்தில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்து ஏதாவது ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். அந்த நொடியில்தான் ஒரு நாட்டின் புள்ளிவிவரம் பிறக்கிறது!

சரி, திருத்தவே முடியாதா? முடிந்தது! 2005இல் மாநில ஆளுநர்கள் ஒன்றுகூடி ஒரே சூத்திரத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஐம்பது மாநிலங்களும் கையெழுத்திட்டன. 2008 அக்டோபரில் கல்வி அமைச்சர் மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ் அதையே சட்ட விதியாக்கினார். சூத்திரம் இதுதான். முதல் முறையாக ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களை எண்ணு. நடுவில் வந்து சேர்ந்தவர்களைக் கூட்டு. வேறு பள்ளிக்குப் போனவர், வேறு நாட்டுக்குப் போனவர், இறந்தவர் இந்த மூவகையினரை மட்டும் கழி. நான்கு ஆண்டுக்குள் முறையான டிப்ளமா வாங்கியவர்களை மிச்சமுள்ள எண்ணால் வகு. ஜி.இ.டி. மேலே வராது, ஆனால் அதை எழுதப் போன பிள்ளை கீழே இருந்தே தீருவார்!

கேட்க எளிது. செய்ய, மாநிலத்தின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அதற்கான கணினி அமைப்புகளைக் கட்டி முடித்து, நாடு முதன்முறையாக மாநிலங்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட்டது 2012 நவம்பரில்! முதல் கல்வி ஆணையர் வந்து 145 ஆண்டு கழித்து! 2010–11 பேட்ச்சுக்கு நாட்டின் விகிதம் 79. அயோவா 88 பெற்று முதலிடம். நூறாண்டுக்கு முன் தனக்குத் தானே வரி போட்டுக்கொண்ட அதே சோளக்காட்டு மாநிலம்! வாஷிங்டன் டி.சி. 59இல் கடைசி.

ஒரு பிள்ளையைக் கீழேயிருந்து கழிக்க என்ன ஆதாரம் வேண்டும் தெரியுமா? வேறு பள்ளிக்குப் போனார் என்றால் அந்தப் பள்ளி இவரது பதிவுகளைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும், அல்லது அங்கே சேர்ந்ததற்கு எழுத்துச் சான்று வேண்டும். பக்கத்து வீட்டார் சொன்னது செல்லாது. இறந்துவிட்டார் என்றால் பெற்றோரின் கடிதமோ நாளிதழில் வந்த இறப்புச் செய்தியோ கோப்பில் இருக்க வேண்டும். வெளிநாடு போவதாகப் பெற்றோர் வாயால் சொன்னால், அதைக் கேட்ட பள்ளி அதிகாரி அந்தப் பேச்சை எழுதிக் கோப்பில் வைக்கலாம். சிறார் சிறைக்குப் போன பிள்ளை? அந்தச் சிறையில் டிப்ளமா கொடுக்கும் வகுப்பு இருந்தால் மட்டுமே கழிக்கலாம். இல்லாவிட்டால் அவர் பள்ளியின் கணக்கிலேயே இருப்பார். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. சுவருக்குள் போன பிள்ளையை நாடு கடைசியில் எண்ணத் தொடங்கிவிட்டது!

இவ்வளவு கட்டுப்பாடும் ஏன் தேவை? இந்தச் சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு பள்ளியில் நூறு பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டு பேர் நடுவில் வந்தார்கள், பன்னிரண்டு பேர் முறையாக வெளியேறினார்கள். மிச்சம் நூறு. டிப்ளமா வாங்கியவர்கள் 80. விகிதம் 80. இப்போது முடிக்காத இருபது பேரில் பத்துப் பேருக்கு ‘வேறு பள்ளிக்குப் போனார்’ என்று எழுதிவிடுங்கள். எண்பதைத் தொண்ணூறால் வகுத்தால் 89! ஒரு பிள்ளைகூடக் கூடுதலாக ஒரு வரி படிக்கவில்லை, விகிதம் ஒன்பது புள்ளி ஏறிவிட்டது!

சிகாகோவில் இது நிஜமாகவே நடந்தது. 2015இல் அந்த நகரத்தின் பொது வானொலி நிலையமும் ஓர் ஊழல் கண்காணிப்பு அமைப்பும் சேர்ந்து 25 ஹைஸ்கூல்களின் பதிவுகளைத் துருவின. குறைந்தது 2,200 பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனதாகவும் வீட்டுக் கல்விக்கு மாறியதாகவும் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தார்கள். நகரத்தின் பள்ளி நிர்வாகம் பல ஆண்டு விகிதங்களைத் திருத்தி வெளியிட்டது. 2014க்குச் சொல்லியிருந்த 69.4, திருத்தத்தில் 66.3 ஆனது.

கீழே இருக்கும் எண்ணில் கைவைக்க முடியாவிட்டால் மேலே இருக்கும் எண்? அலபாமாவின் விகிதம் 2011இல் 72. நான்கே ஆண்டில் 89! நாடே திரும்பிப் பார்த்தது. 2016 டிசம்பரில் மாநிலம் தானே ஒப்புக்கொண்டது: எண் ஊதியிருக்கிறது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தனி டிப்ளமா, கூட்டாட்சி விதிப்படி முறையான டிப்ளமா ஆகாது. அதையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள்.

வாஷிங்டன் டி.சி.யில் 2017இல் நடந்ததைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது. பலூ ஹைஸ்கூலில் டிப்ளமா வாங்கிய 164 பேருக்கும் கல்லூரியில் இடம் என்று செய்தி. ஊரே கைதட்டியது. சில மாதம் கழித்து வானொலிச் செய்தியாளர்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். பாதிப் பேர் மூன்று மாதத்துக்கு மேல் பள்ளிக்கே வரவில்லை! நகரம் முழுக்கத் தணிக்கை நடந்தது. அந்த ஆண்டு டிப்ளமா வாங்கிய 2,758 பேரில் 937 பேருக்கு விதியை மீறி வழங்கப்பட்டிருந்தது. மூன்றில் ஒருவருக்கும் மேல்! சூத்திரத்தில் பிழை இல்லை, எண்ணியதிலும் பிழை இல்லை. எண்ணப்பட்ட டிப்ளமாவுக்குள்தான் ஓட்டை. அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? படிப்பு வரவில்லை என்று ஒருவராவது நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா?

ஓராண்டுப் பாடத்தைக் கணினி முன் உட்கார்ந்து சில வாரங்களில் முடித்து, தவறவிட்ட கிரெடிட்டை மீட்கும் வகுப்புகள் அங்கே உண்டு. உண்மையில் கற்றவர்களும் அதில் உண்டு, சொடுக்கிச் சொடுக்கித் தாண்டியவர்களும் உண்டு. விகிதத்தில் இருவரும் ஒன்றே. கலிஃபோர்னியா 2015இல் இன்னும் ஒரு படி போனது. கட்டாய வெளியேறு தேர்வை நிறுத்தியதோடு, 2004 முதல் அந்தத் தேர்வில் மட்டும் தோற்றவர்களுக்குப் பின்தேதியிட்டு டிப்ளமா கொடுத்தது! இருபதுகளின் பிற்பகுதியில் இருந்தவர்கள் ஒரே சட்டத்தில் ஹைஸ்கூல் முடித்தவர்கள் ஆனார்கள். மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து, டிப்ளமாவுக்கு மாநிலத் தேர்வில் தேற வேண்டும் என்ற விதியை நீக்கினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஏறியது எல்லாமே பொய்தானா என்று சோர்ந்துபோக வேண்டாம். நாட்டின் விகிதம் 2010–11இல் 79, 2021–22இல் 87. டக்ளஸ் ஹாரிஸ் தலைமையிலான ஆய்வுக் குழு 2020இல் இந்த ஏற்றத்தைச் சல்லடை போட்டுச் சலித்தது. தில்லுமுல்லு கொஞ்சம் இருந்தது, ஏற்றத்தில் பெரும்பகுதி உண்மை என்பதே அவர்கள் கண்டது. எவ்வளவு நிம்மதி! ஆனாலும் 87 என்ற ஒற்றை எண்ணுக்குள் எத்தனை அமெரிக்காக்கள் இருக்கின்றன பாருங்கள். ஆசிய, பசிபிக் தீவு வழியினர் 94, வெள்ளையர் 90, லத்தீன் அமெரிக்க வழியினர் 83, கறுப்பினத்தவர் 81, பூர்வகுடியினர் 74. அந்த மண்ணுக்கு முதலில் வந்தவர்களின் பிள்ளைகள் கடைசியில் நிற்கிறார்கள்.

சின்னஞ்சிறு பள்ளிகளின் விகிதத்தை மத்திய அரசு சரியாகச் சொல்லவே சொல்லாது தெரியுமா? ஆறு முதல் பதினைந்து பேர் மட்டும் உள்ள பேட்ச் என்றால் ‘பாதிக்கு மேல்’ அல்லது ‘பாதிக்குக் கீழ்’, அவ்வளவுதான். ஐந்து பேரோ அதற்குக் குறைவோ என்றால் ஒன்றுமே வெளிவராது. ஏன்? நான்கு பேர் படிக்கும் கிராமத்துப் பள்ளியில் 75 சதவீதம் என்று அச்சிட்டால், தேறாத அந்த ஒரு பிள்ளை யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒரு பிள்ளையின் மானத்தைக் காக்க ஓர் அரசே எண்ணை மறைக்கிறது. இந்த மறைப்பு எவ்வளவு அழகு!

2015ஆம் ஆண்டுச் சட்டப்படி விகிதம் 67க்குக் கீழே போகும் ஹைஸ்கூலுக்கு மாநிலம் கைகொடுத்தே ஆக வேண்டும். ஆனால் நான்கு ஆண்டு என்ற கோடு எல்லாருக்கும் நியாயமா? அங்கே மாற்றுத்திறனாளி மாணவர் இருபத்தொரு வயது வரை பள்ளியில் படிக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர். பதினேழு வயதில் ஆங்கிலம் தெரியாமல் வந்திறங்கும் அகதிப் பிள்ளையும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம். இவர்கள் ஐந்தாம் ஆண்டில் டிப்ளமா வாங்கினால் நான்காண்டுக் கணக்கில் ‘முடிக்காதவர்’தான். அதனால்தான் பல மாநிலங்கள் ஐந்தாண்டு, ஆறாண்டு விகிதங்களையும் தனியாக வெளியிடுகின்றன. செய்தித்தாள் தலைப்புக்கு அவை வருவதே இல்லை. வர வேண்டும்!

எல்லாவற்றையும் விட என்னை வியக்க வைத்தது சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் கண்டது. எலேன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் இருவரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டே இரண்டைப் பார்த்தார்கள். அடுத்த வகுப்புக்குப் போகத் தேவையான கிரெடிட் சேர்ந்ததா? முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லையா? இரண்டும் சரி என்றால் அந்தப் பிள்ளை நான்கு ஆண்டில் டிப்ளமா வாங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு! முந்தைய மதிப்பெண், இனம், குடும்ப வருமானம் இவற்றையெல்லாம்விடத் துல்லியமாகச் சொன்னது இந்த எளிய அளவு. தவறான குறியீடுகளுக்காகத் தலைகுனிந்த அதே சிகாகோ பள்ளிகள்தான் இதைக் கையில் எடுத்தன. எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது என்ற பட்டியலை ஆசிரியர்கள் கையில் கொடுத்தன, பிள்ளையை உட்காரவைத்துப் பேசச் சொன்னன. ஒன்பதில் சரியான தடத்தில் இருந்த பிள்ளைகள் 2007இல் 57 சதவீதம், 2013இல் 82! நான்காண்டு விகிதம் வெளிவரும்போது அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். இந்த எண்ணோ ஒன்பதாம் வகுப்பின் முதல் மதிப்பெண் அட்டை வந்த வாரமே, பிள்ளை இன்னும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே, ஆசிரியர் கைக்கு வந்துவிடுகிறது.